ஒரு சொல்லைத் தேடிய சிறுவன்

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1818ஆம் ஆண்டு வாக்கில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர் பிரெடரிக் டக்ளஸ். பிறந்த தேதிகூட அவருக்குத் தெரியாது. ஆடுமாடு போல மனிதரையும் விற்று வாங்கிய காலம் அது.

எட்டு வயதில் பால்டிமோர் நகரில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வீட்டு அம்மாள் ஏ, பி, சி சொல்லிக்கொடுத்து, மூன்று நான்கு எழுத்துச் சொற்கள் வரை கொண்டுவந்தார். வீட்டுக்காரர் விடவில்லை. அடிமை படித்தால் அடங்கமாட்டான் என்று தடுத்துவிட்டார். அது பையன் காதில் விழுந்தது. ஓகோ, படிப்பில்தான் ஏதோ இருக்கிறது என்று அன்றே பிடித்துக்கொண்டான்.

அப்புறம் அவன் படித்த விதத்தைக் கேளுங்கள். வெளியே அனுப்பினால் புத்தகமும் ரொட்டியும் கையோடு போகும். பசியோடு திரியும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டியைக் கொடுத்துப் பாடம் வாங்கிக்கொள்வான். கப்பல் பட்டறையில் தச்சர்கள் மரத்தில் போடும் எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகினான். சுவரும் வேலிப் பலகையும்தான் சிலேட்டு.

பெரியவர்கள் அடிக்கடி கோபத்தோடு அபாலிஷன் என்பார்கள். அடிமை ஓடிப்போனாலும் களஞ்சியத்துக்குத் தீ வைத்தாலும் இந்தச் சொல்தான். அப்படீன்னா என்ன? அகராதியைப் புரட்டினான். ஒழிக்கும் செயல் என்று போட்டிருந்தது. சரி, எதை ஒழிப்பது? கேட்கவும் துணியவில்லை; தனக்குத் தெரியக்கூடாத சங்கதி என்று புரிந்திருந்தது.

நம் பிள்ளைகள் சிலர் அகராதியில் ஒரு வரி பார்த்ததும் டப்பென்று மூடிவிடுகிறார்கள் அல்லவா? இவன் அந்தச் சொல்லை விடவில்லை. எங்கே வந்தாலும் காது கொடுத்தான். ஒருநாள் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் அடிமை முறையை ஒழிக்கக் கோரி வடக்கேயிருந்து மனுக்கள் வந்ததாகச் செய்தி. அட, இதுவா அந்தச் சொல்! தன்னைப் போன்றவர்களுக்காகப் பேச ஆட்கள் இருக்கிறார்களா!

1838இல் தப்பி வடக்கே போய்விட்டார். மேடையில் அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு, இவராவது அடிமையாக இருந்ததாவது என்று சந்தேகப்பட்டார்கள். எஜமானர் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் போட்டு 1845இல் தம் வரலாற்றை எழுதினார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று கடல் கடக்கவும் வேண்டியதாயிற்று. 1846இல் இங்கிலாந்து நண்பர்கள் பணம் கட்டி அவரை மீட்டார்கள்.

அந்த மனுக்கள் கேட்ட வாஷிங்டனில் 1862இல் அடிமை முறை ஒழிந்தது. பின்னாளில் அங்கேயே சொந்த வீடு வாங்கிக் குடியிருந்தார் டக்ளஸ். 1895இல் அந்த வீட்டிலேயே காலமானார்.