பொறுப்பைக் கொடுத்தவர், பொறுப்பை ஏற்றவர்



1955 ஜனவரியில் நமது ஆவடியில் அகில இந்திய காங்கிரஸ் மாநாடு நடைபெற்றது. பிரதமர் நேருவும் நாடெங்குமிருந்து தலைவர்களும் வந்திருந்தனர். மாநாட்டுத் திடலுக்கு விடுதலை வீரர் சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. அவரை அரசியல் குருவாகக் கொண்ட காமராசர்தான் அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர்.

1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த காமராசர் சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை செய்தார். பின்னர் விடுதலைப் போராட்டத்தில் இறங்கிப் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது, தம்மையும் சேர்த்து 8 பேர் மட்டுமே கொண்ட அமைச்சரவையை அமைத்தார். தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடமே இருந்தன. பகையை விட வேலை பெரிது என்று அவர் எண்ணினார்.

அந்தக் குழுவின் முன் இருந்த இலக்கு எல்லோருக்கும் புரியக்கூடியது. தூரத்தாலோ பசியாலோ எந்தக் குழந்தையும் பள்ளிக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. கல்வித்துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு இதற்கு உறுதுணையாக நின்றார். பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர் மக்களும் அரிசியும் காய்கறியும் கொடுத்துப் பங்கேற்றனர். 1957-க்குப் பின் தொழில் துறையை ஆர்.வெங்கட்ராமன் கவனித்தார். கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் உருவானதில் அத்துறைக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறரிடம் பொறுப்பை எதிர்பார்த்தவர், தாமும் அதற்கு விலக்கு கேட்கவில்லை. கட்சி தளர்வதைக் கண்டபோது, மூத்த தலைவர்கள் பதவி விலகிக் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற திட்டத்தை முன்வைத்தார். 1963 அக்டோபர் 2 அன்று தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே தோற்றார். மக்களின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு பொதுப்பணியைத் தொடர்ந்தார். 1975 அக்டோபர் 2 அன்று மறைந்தபோது, தமக்கென்று அவர் சொத்து எதுவும் சேர்த்திருக்கவில்லை.

நம் அன்பியங்களிலும் பங்குப் பேரவைகளிலும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் என்ன செய்யப் போகிறோம், யார் செய்வது, எப்போது முடிப்பது என்று தெளிவாக முடிவு செய்துவிட்டுக் கலைகிறோமா? மாற்றுக் கருத்து உள்ளவருக்கும் பொறுப்பு கொடுக்கிறோமா? வேலை நடக்காதபோது அடுத்தவரைக் கைகாட்டாமல், பொறுப்பேற்றவர் முதலில் பதில் சொல்கிறாரா? அடுத்த கூட்டத்திற்குப் போகுமுன் இக்கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம்.