சாவித்திரிபாய் பூலே அம்மையார்

ஆணும் பெண்ணும் கூடிச் செய்த பிழைக்குப் பழியைப் பெண்ணின் தலைமேல் மட்டும் சுமத்துவது நம் நாட்டின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தை நூலெழுதிக் கண்டித்தோர் உளர். மேடையேறிக் கண்டித்தோரும் உளர். தம் இல்லத்தின் கதவைத் திறந்துவைத்துக் கண்டித்த பெருமாட்டி சாவித்திரிபாய் பூலே அம்மையார்.

அம்மையார் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள், மராட்டிய நாட்டுச் சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நைகாவ் என்னும் சிற்றூரில், பூவும் காய்கறியும் பயிரிடும் மாலி வகுப்பில் தோன்றினார். 1840இல், தம் ஒன்பதாம் வயதில், பதின்மூன்று வயதினரான ஜோதிராவ் பூலேவுக்கு மணம் செய்விக்கப்பெற்றார். பெண் கற்றால் குடி கெடும் என்று நம்பிய காலம் அது. ஆயினும் கணவரே ஆசிரியராக அமைந்து மனைவியாருக்கு எழுத்தறிவித்தார்.

1848இல் பூனா நகரில், பிடே என்பவரது மாளிகையில், பெண் பிள்ளைகளுக்கெனப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அம்மையார் அதன் ஆசிரியையாக அமர்ந்தார். அவர் தெருவிற் செல்லுங்கால் வைதிகர் சேற்றையும் சாணத்தையும் வீசினர் என்றும், அதற்கென மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டு செல்வார் என்றும் அவர் வரலாறு உரைப்போர் கூறுவர். 1849இல் மாமனார் ஊராரின் வசைக்கு அஞ்சி மகனையும் மருமகளையும் வீட்டினின்றும் வெளியேற்றினார். அதன் பின்னும் அவர்தம் பணி தளரவில்லை. தீண்டத்தகாதாரெனத் தள்ளப்பட்ட மகர், மாங்கு வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் பள்ளிகளிற் பயின்றனர். அங்குப் பயின்ற மாங்கு வகுப்புச் சிறுமி முக்தாபாய் தம் மக்களின் துயரைக் கட்டுரையாக வரைய, அது 1855இல் ஞானோதயா என்னும் இதழில் வெளிவந்தது.

பள்ளியினும் அரிய பணி ஒன்று பின்னர் வந்தது. உயர்சாதியாரிடையே சிறுமிப் பருவத்திலேயே கைம்மை எய்திய பெண்கள் மறுமணம் செய்தல் கூடாது. அவர்களை ஏமாற்றிக் கருவுறச் செய்த ஆடவரை ஊர் கேள்வி கேட்பதில்லை. பூனாவில் அவ்வாறு வஞ்சிக்கப்பட்ட பார்ப்பனக் கைம்பெண் ஒருத்தி, பழிக்கு அஞ்சித் தன் சிசுவைக் கொன்று, அந்தமான் தீவுக்கு அனுப்பும் தண்டனை பெற்றாள். அக்கொடுமை கண்டு நெஞ்சு பொறாத பூலே தம்பதியர், 1863இல் தம் இல்லத்தையே சிசுக்கொலைத் தடுப்பு இல்லமாக ஆக்கினர். வருவோர் மறைவாக மகப்பேறு பெறலாம். குழந்தையை அங்கேயே விட்டுச் செல்லலாம். இச்செய்தியை அச்சிட்டு நகரத்துச் சுவர்களில் ஒட்டினர். 1884இல் ஜோதிராவ் வரைந்த குறிப்பின்படி, அதுகாறும் 35 கைம்பெண்கள் அங்கு வந்து மகப்பேறு கண்டனர். அக்குழந்தைகளுள் எஞ்சியவை ஐந்தே. கருவைக் கலைக்க உட்கொண்ட மருந்துகளின் கேட்டினால் ஏனையவை மடிந்தன. தம்மைத் தாழ்ந்தோரென இகழ்ந்த குலத்துப் பெண்களுக்கு அம்மையார் பணிவிடை செய்தார். அங்குப் பிறந்த ஒரு மகவையே, யசுவந்த் என்னும் பெயரோடு, தம் மகனாக ஏற்று வளர்த்தார்.

1868இல் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டாமைக்கு ஆளானோர்க்குத் திறந்துவிட்டனர். 1873இல் ஜோதிராவ் நிறுவிய சத்தியசோதக சமாஜம் புரோகிதரின்றித் திருமணங்கள் நடத்தியது. அம்மையார் அதன் பணிகளில் முன்னின்றார்.

1890 நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். வளர்ப்பு மகன் தீச்சட்டி ஏந்தக் கூடாதென உறவினர் வழக்காடினர். அம்மையார் தாமே அச்சட்டியை ஏந்திச் சவ ஊர்வலத்தின் முன்னே நடந்தார். கைம்பெண் கண்ணிற் படுவதே தீநிமித்தம் எனக் கருதிய சமூகத்தில், கணவரது இறுதிக் கடனைக் கைம்பெண்ணே ஆற்றினார். 1893இல் சாசுவட் நகரில் கூடிய சமாஜ மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

1897இல் பூனாவிற் கொள்ளைநோய் பரவியது. மருத்துவரான மகனோடு கூடி அம்மையார் நோயாளரைப் பேணினார். முண்டுவா என்னும் ஊரின் மகர் குடியிருப்பில் நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகிற் சுமந்து மருத்துவமனை சேர்த்தார். அந்நோய் அவரையும் பற்றவே, மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் உயிர் நீத்தார். 2014இல் பூனாப் பல்கலைக்கழகம் அவர் பெயர் பெற்றது.

அண்ணல் அம்பேத்கர் புத்தர், கபீர், ஜோதிராவ் பூலே மூவரையும் தம் ஆசான்களெனக் கொண்டார். அவ்வழி நிற்கும் நாம், சாவித்திரிபாயை ஜோதிராவின் நிழலென எண்ணுதல் தகாது. திரிசரணம் ஏற்ற நம் இல்லங்களில் மகளின் படிப்பு இடையில் நின்றுபோகிறதா? கைம்பெண் மங்கல நிகழ்ச்சிகளிற் பின்வரிசையில் நிற்கிறாளா? இறுதிக் கடனில் பெண்ணுக்கு இடமில்லையா? ஆமெனின், நாம் துறந்ததாகக் கூறும் பழஞ்சட்டம் நம் வீட்டு வாயிலுக்குள்ளேயே வாழ்கின்றது. அதனை வெளியேற்றுவதே அன்னையார்க்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.