அண்டிரிக் அடிகளாரும் வியங்கோளும்

சாம்பல்தீவில் என்னிடம் நன்னூற் பாடங்கேட்கும் மாணாக்கர் வியங்கோளை எளிதிற் கடந்து செல்வர். ஏறத்தாழ 475 ஆண்டுகட்கு முன் அதன் வாயிலில் நின்று தட்டிய போர்த்துக்கேயர் ஒருவரை அவர்கட்கு அறிமுகஞ் செய்தல் என் வழக்கம்.

அண்டிரிக் அடிகளார் 1520இல் வில்லா விசோசாவிற் பிறந்தார். யூத மரபினர் என்பதனால் ஒரு துறவியர் சபையில் இடம்பெறாது, 1545இல் இயேசு சபை சேர்ந்தார். மறு ஆண்டு கப்பலேறி, முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வந்தமர்ந்தார்.

துபாசியை நம்பிப் பேசுவோன் நிலை இரங்கத்தக்கது. அவன் வாழ்ந்தால் எனச் சொல்ல, அது வாழ்ந்தான் எனச் சென்றடையினும் அவன் அறியான். அடிகளார்க்குத் துணையாக இருந்தது இலத்தீன் இலக்கணப் பயிற்சி. அதன் வேற்றுமைகளையும் காலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு ஒத்த தமிழ் யாது என்று தேடினார். சில மாதங்களிற் பேச்சுக் கைவந்தது. 1548இல் இஞ்ஞாசியாருக்கு விடுத்த மடலில் அவர் கூறும் வினைப்பகுதிகளுள் ஒன்று, ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ் எனப்பெறுவது. நிகழ்ந்ததைக் கூறாது, விரும்புவதையும் கருதுவதையும் கூறும் வினை அது.

இலத்தீனில் வீவித் என்றால் வாழ்கிறான். இகரம் அகரமாகி வீவத் என்றாயின், வாழ்க என்று பொருள். முன்வரும் இடைச்சொல்லுக்கேற்ப, வாழும்படி என்றும் வாழ்ந்தால் என்றும் அதுவே பொருள்படும். மூன்றையும் தமிழ் ஓரிடத்தில் வைக்கவில்லை. ஒன்று வியங்கோள் முற்று. ஏனைய இரண்டும் எச்சத்தின்பாற்படும். மேலும், இலத்தீன் வினை இடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப ஆறு வடிவு கொள்ளும். நமக்கோ யான் வாழ்ந்தால், நீ வாழ்ந்தால், அவர் வாழ்ந்தால் எல்லாம் ஒன்றே. வியங்கோளும் இடம் பால் அனைத்திற்கும் பொது என்பதன்றோ நன்னூலார் முடிபு? இலத்தீன் வாய்பாட்டின் ஆறு அறைகளிலும் ஒரே தமிழ்ச்சொல்லை எழுத நேரும். அம்முறை தமிழுக்குப் பொருந்தாச் சட்டை என்பாருளர். யான் அவ்வளவு கடுமை பாராட்டேன். அச்சட்டையின்றி அவர் நம் மொழிக்குள் புகுந்திருத்தல் அரிது.

1549 அளவில் தமிழிலக்கணத்தைப் போர்த்துக்கேய மொழியில் எழுதினார். பின்னர் மன்னாரிலும் பணியாற்றினார். 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றினார். 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். இலக்கணம் மட்டும் ஏட்டளவிலேயே நின்றது. லிசுபன் தேசிய நூலகத்தில் இருந்த அதனை 1950களில் உலகறியச் செய்தவர், கரம்பொனிற் பிறந்த தனிநாயக அடிகள். அச்சில் வந்தது 1982இல், செருமனியின் ஐடல்பேர்க்கு நகரில்.