கணக்கேட்டுடன் பாராளுமன்றம் புகுந்த தாதாபாய் நௌரோஜி

வணிகத்தாற் பொருளீட்டிப் பின் அரசியலிற் புகுந்தோர் எந்நாட்டிலும் உளர். பொருளோடு வணிகனுடைய கணக்கேட்டையும் உடன்கொண்டு சென்று, தம்மை ஆளும் நாட்டின் பாராளுமன்றத்திலேயே தம் தாய்நாட்டின் வரவு செலவை விரித்துக் காட்டியவர் தாதாபாய் நௌரோஜி.

அன்னார் 1825 ஆம் ஆண்டு செப்டெம்பர் 4 ஆம் நாள் பம்பாயிலே பார்சிக் குருமார் குடும்பமொன்றிற் பிறந்தார். நான்காம் வயதில் தந்தையை இழந்தவரைக் கல்வியறிவில்லாத அன்னையே வளர்த்து ஆளாக்கினார். அக்காலப் பம்பாயிற் கட்டணமின்றிக் கற்பிக்கும் பாடசாலை ஒன்றிருந்தமையாலேயே அவ்வேழைச் சிறுவன் படிக்க முடிந்தது. எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பயின்று, அங்கேயே கணிதப் பேராசிரியரும் ஆனார். இந்தியருள் அப்பதவியை முதன்முதற் பெற்றவர் அவரே. அத்தகைய ஆசானை வணிகம் கவர்ந்துகொண்டதே என்று ஆசிரியத் தொழிலில் உள்ள எமக்கு ஒரு மனக்குறை தோன்றுதல் இயல்பு. ஆயினும் கணிதம் அவரை விட்டகலவில்லை.

1855 இல் காமா குடும்பத்தாரின் கொம்பனிக்குப் பங்காளியாய் இலண்டன் சென்றார். இங்கிலாந்திலே இந்தியர் நிறுவிய முதல் வணிக நிலையம் அது. இலாபத்துக்குக் குறைவில்லை. ஆனால் அபினியும் மதுவும் விற்று வந்த பணத்தில் தமக்குப் பங்கு வேண்டாமென்று அவர் விலகிக்கொண்டார். இளம் வணிகன் ஒருவன் அந்நிய நகரிலே தன் பிழைப்பையே துறந்து நிற்றல் எளிதான செயலன்று. 1859 இல் தம் பெயரிலேயே பருத்தி வணிகம் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் ஏறியிருந்த பருத்தி விலை போர் முடிந்ததும் சரியவே, அவருடைய நிலையமும் நொடித்தது.

ஏறுவதும் இறங்குவதும் வணிகர்க்குப் புதிதன்று. நௌரோஜி கண்டு திகைத்தது வேறொன்று. இந்தியாவிலிருந்து ஆண்டுதோறும் ஏற்றுமதியாகும் பண்டத்தின் மதிப்புக்கு ஈடாக இறக்குமதி வரவில்லை. வணிகனொருவன் இவ்வாறு அனுப்பிக்கொண்டேயிருந்தால் அவன் கடை மூடப்படும். குறைந்த தொகை எங்கே போயிற்று? ஆங்கில உத்தியோகத்தரின் சம்பளம், அவர்தம் ஓய்வூதியம், இலண்டனிற் கொடுக்கவேண்டிய வட்டி, செலவு எனப் பல வாய்க்கால்களால் அது கடல் கடந்து வடிந்தது. அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களையே எடுத்துக் கூட்டி வகுத்து, இந்தியனொருவனுக்கு ஆண்டு வருவாய் 20 ரூபா என்று 1870களிற் காட்டினார். கூலியாள் ஒருவன் உயிர் தாங்கி வாழ்வதற்கே 34 ரூபா வேண்டும் என்றும் கணக்கிட்டார். சிறைக்கைதிக்குச் செலவாகும் தொகையையும் அருகே வைத்துக் காட்டியது, வாசிப்போரை நாணச் செய்யும் ஒப்பீடு. இவ்வாராய்ச்சிகளெல்லாம் 1901 இல் ஒரு பெருநூலாய் வெளிவந்தன.

இக்கணக்கைக் கேட்கவேண்டியவர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்தனர். ஆதலின் அங்கேயே புகத் துணிந்தார். அக்காலத்தில் உறுப்பினர்க்குச் சம்பளம் இல்லை. 1911 இல்தான் அது வந்தது. ஆகவே தம் கைப்பொருளையும் நண்பர் உதவியையும் நம்பியே இறங்கவேண்டியிருந்தது. 1886 இல் ஹோல்போர்ன் தொகுதியில் தோற்றார். 1888 இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, ஆங்கில வாக்காளர் கறுப்பு மனிதர் ஒருவரைத் தெரிந்தெடுக்குங் காலம் இன்னும் வரவில்லை என்னும் கருத்துப்படப் பேசினார். அப்பேச்சு அவர் எண்ணியதற்கு மாறாக நௌரோஜியின் பெயரை நாடெங்கும் பரப்பிற்று. 1892 இல் மத்திய பின்ஸ்பரித் தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் நின்று ஐந்தே வாக்குகள் மிகையாய்ப் பெற்று வென்றார். பார்சியராதலின், விவிலியத்தை விடுத்து அவெஸ்தாவைக் கையிற் கொண்டு சத்தியம் செய்தார். இந்தியத் தாய்வழி வந்த டைஸ் சோம்பர் என்பவர் 1841 இலேயே தெரிவு செய்யப்பட்டார் எனினும், இலஞ்சங் காரணமாக அத்தெரிவு செல்லாதாயிற்று.

இந்திய சிவில் சேவைப் பரீட்சை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடைபெறவேண்டும் என்னும் பிரேரணை 1893 இல் சபையில் நிறைவேறிற்று. அதற்காக அரும்பாடுபட்டவருள் அவர் தலையாயவர். அரசாங்கமோ அதனை நிறைவேற்றாது கிடப்பிலிட்டது. சபை ஏற்றதை ஆட்சி ஏலாது விட்ட அந்நிகழ்ச்சி, ஆங்கில நீதியுணர்ச்சியில் அவர் வைத்திருந்த பெருநம்பிக்கையின் வேரிலே பாய்ந்த வெந்நீர் என்பது எம் கருத்து. 1895 தேர்தலில் ஆசனத்தை இழந்தார். ஆயினும் அவ்வாண்டே இந்தியச் செலவினத்தை ஆராய அமைந்த வெல்பி ஆணைக்குழுவில் உறுப்பினராய் அமர்ந்து, கணக்கை மறுபடியும் விரித்தார்.

இந்தியக் காங்கிரசுக்கு 1886, 1893, 1906 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தலைமை தாங்கினார். இறுதி முறை, எண்பத்தொரு வயதில் கல்கத்தாவிலே, சுயராச்சியம் என்னும் சொல்லை அம்மேடையில் முழங்கினார். பாதி வாழ்நாளை மனுக்களிற் கழித்த முதியவர் முடிவில் அச்சொல்லுக்கு வந்து சேர்ந்தார். பின்பு பம்பாயை அடுத்த வெர்சோவாக் கடற்கரையில் ஓய்ந்திருந்து, 1917 யூன் 30 ஆம் நாள் காலமானார். அவருக்கு வாக்களித்த தொழிலாளர் வாழ்ந்த கிளார்க்கன்வெல் பகுதியிலே ஒரு தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.