இராமாநுஜன் கொண்ட உறுதிகள்

கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீநிவாச இராமாநுஜன், 1913ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அழைத்தபோது, கடல் கடத்தல் குலவாசாரத்திற்கு மாறென மறுத்துவிட்டார். மறு ஆண்டு நெவில் என்னும் கணித அறிஞர் சென்னைக்கு வந்து வினவுகையில் அவ்வுறுதி தளர்ந்திருந்தது, அன்னையாரும் இசைந்தனர். குடுமியைக் களைந்து, 1914 மார்ச்சு 17இல் கப்பலேறினார்.

ஆயினும் புலாலுண்ணா நோன்பை அவர் நெகிழ்த்தினாரல்லர். டிரினிட்டி கல்லூரியின் உணவுக்கூடத்தை நாடாது, தம் அறையில் தாமே சமைத்துண்டார். பெரும்போர் மூண்டமையால் காய்கனிகள் அரியவாயின. 1917இல் நோய் அவரைப் படுக்கையிற் கிடத்திற்று. இத்தனை பிடிவாதம் வேண்டுமோ என்பார் உளர். தாய்நாட்டை அகன்றவர்க்கு அஃதொன்றே பற்றுக்கோடாய் நின்றது போலும்!

1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919இல் தாயகம் திரும்பி, நோய்ப்படுக்கையிலும் கணிதம் எழுதியவாறே, 1920 ஏப்ரல் 26இல் தம் 32ஆம் அகவையிற் சென்னையில் மறைந்தார்.