பட்டாணியை எண்ணிய உழவர் மகன்

கிரிகோர் மெண்டல் 1822-ல் ஆஸ்திரியப் பேரரசின் ஹைன்சென்டார்ஃப் கிராமத்தில் (இன்றைய செக் குடியரசு) சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சொந்த நிலத்தைப் பார்த்ததோடு, நிலப்பிரபுவுக்கும் கூலியின்றி உழைத்தவர். 1838-ல் மரம் விழுந்து அவர் முடங்கினார். மகனின் படிப்பு நின்றுபோகும் நிலை. தங்கை தெரசியா தன் சீதனத்தில் ஒரு பகுதியை அண்ணனுக்குக் கொடுத்தார்.

1843-ல் புருன் நகர மடத்தில் துறவியாகச் சேர்ந்தார் மெண்டல். ஆசிரியர் தகுதித் தேர்வில் 1850-ல் தோல்வி. வியன்னா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1856-ல் மீண்டும் எழுதினார், அப்போதும் தேறவில்லை. அதே ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் பட்டாணி ஒட்டு சேர்க்கும் வேலை தொடங்கியது.

அதற்கு முன்பே 34 ரகங்களை வாங்கி, 2 ஆண்டு விதைத்துப் பார்த்து, கலப்பில்லாத 22-ஐ மட்டும் தேர்ந்தெடுத்திருந்தார். 1863 வரை சுமார் 28,000 செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் ஒட்டு சேர்த்தபோது, முதல் தலைமுறை முழுவதும் உருண்டை. அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அதாவது மூன்றுக்கு ஒன்று. 1866-ல் அச்சான இந்தக் கட்டுரையை அன்று யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1868-ல் மடத்தின் தலைவரானார். தங்கையின் பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கடனைத் தீர்த்தார். அரசுடன் வரித் தகராறிலேயே கடைசிக் காலம் கழிந்தது. 1884-ல் இறந்தார். 1900-ல்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது.

அவர் எண்ணிய வேறுபாடுகள் டி.என்.ஏ.வில் நேர்ந்த எழுத்துப் பிழைகள் என்பது நம் காலத்தில் தெரிந்தது. இவற்றையே சடுதி மாற்றம் என்கிறோம். இதில் மூன்று வகை முக்கியமானவை.

ஒன்று, எழுத்து மாறுதல். குட்டைப் பட்டாணியில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கிறது. அதனால் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்து, செடி குட்டையாகிறது.

இரண்டு, செருகல். சுருங்கிய விதையில், மாவுச்சத்து உருவாக உதவும் மரபணுவுக்குள் சுமார் 800 எழுத்துகள் புகுந்திருக்கின்றன. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை மிகுகிறது, விதை அதிக நீரை உறிஞ்சுகிறது, காயும்போது சுருங்குகிறது.

மூன்று, விடுபடுதல். இதற்கு ஐ.ஆர்.8 நெல் சாட்சி. அது குட்டையானதற்கும் ஜிப்ரலின் குறைவே காரணம். ஆனால் இங்கே 383 எழுத்துகள் விடுபட்டிருந்தன. ஓர் எழுத்து மாறினாலும் நூற்றுக்கணக்கில் விடுபட்டாலும் பயிர் குட்டையாகலாம். பிழையின் அளவை வைத்து விளைவைக் கணிக்க முடியாது.

எனவே செடியைத்தான் பார்க்க வேண்டும். விதைப்பண்ணையில் கலவன்களை நீக்கியே ஆக வேண்டும். மற்ற வயலில் நெல்லிலோ உளுந்திலோ நல்ல குணத்துடன் ஒரு செடி தனித்து நின்றால், அடையாளம் கட்டி விதையைத் தனியே எடுங்கள். அடுத்த பருவம் தனிப்பாத்தியில் விதைத்து எண்ணுங்கள். எல்லாம் அதே குணத்தில் வந்தால் மரபில் நிலைத்த மாற்றம். பிரிந்து வந்தால் இன்னும் நிலைக்கவில்லை. ஒன்றிலும் தெரியாவிட்டால் பெரும்பாலும் மண்ணும் நீரும் செய்த வேலை. இரண்டு பருவம் நிலைத்தால் அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். இதற்குத் தேவையானது மெண்டலிடம் இருந்த பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான்.