பத்துப் பவுணுடன் வந்த அகதி: ஏர்ணஸ்ற் செயின்

1933 ஏப்ரலில் பேர்லினிலிருந்து இங்கிலாந்து வந்திறங்கிய 26 வயது இளைஞரிடம் இருந்தவை பத்துப் பவுண் பணமும் இரசாயனவியற் கலாநிதிப் பட்டமுமே. ஏர்ணஸ்ற் போரிஸ் செயின் ஒரு யூதர். அவ்வாண்டு சனவரியில் ஹிட்லர் ஆட்சியேறியதும், பிறந்த மண்ணில் இனித் தமக்கு இடமில்லை என்பதை உணர்ந்து புறப்பட்டார். தாயாரும் சகோதரியும் பேர்லினிலேயே தங்கிவிட்டனர்.

தந்தையார் ரஷ்யாவிலிருந்து ஜேர்மனிக்குக் குடிபெயர்ந்தவர். 1919 இல் காலமானார். அதன்பின் தாயார் வீட்டையே விருந்தினர் விடுதியாக்கிப் பிள்ளைகளை வளர்த்தார். மேடையேறி வாசிக்குமளவுக்குப் பியானோவில் தேர்ச்சி பெற்றிருந்த செயின், இசையா விஞ்ஞானமா என்று நெடுநாள் தடுமாறியதுண்டு.

இலண்டனிலும் கேம்பிறிஜிலும் பணியாற்றிய அவரை 1935 இல் ஒக்ஸ்போர்டுக்கு அழைத்தவர் பேராசிரியர் ஹவார்ட் புளோறி. அங்கு பழைய சஞ்சிகைகளைப் புரட்டுகையில், அலெக்சாண்டர் பிளெமிங் 1929 இல் எழுதிய கட்டுரையொன்று செயினின் கண்ணிற் பட்டது. ஸ்ரபிலோகொக்கஸ் பற்றீரியா வளர்ந்த தட்டில் பூஞ்சணம் விழுந்ததையும், அதைச் சூழவிருந்த கிருமிகள் கரைந்துபோனதையும் அது விபரித்தது. நுணுக்குக்காட்டியில் திராட்சைக் குலைபோலத் தோன்றும் இக்கிருமி பலரது மூக்கினுள் தீங்கின்றி வாழ்வது. தோல் கிழிந்து உட்புகுந்தாலோ கட்டு, எலும்பழற்சி, குருதி நஞ்சாதல் என்று உயிரையே குடிக்கும்.

1939 இல் செயினுக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. மறு ஆண்டே ஜேர்மனியிற் பிறந்த அகதிகள் பல்லாயிரவரை அதே அரசு தடுப்பு முகாம்களில் அடைத்தது. அக்கோப்பு ஏதோவொரு மேசையிற் சற்றுத் தாமதித்திருப்பின் அவரும் முட்கம்பிக்குள் இருந்திருக்கக்கூடும். கடிதத்துக்காகக் காத்திருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்கு உயிர்கொல்லிக் கிருமி ஏற்றப்பட்டது. பெனிசிலின் பெற்ற நான்கும் மறுநாட் காலையில் உயிருடன் இருந்தன. ஏனைய நான்கும் விடியுமுன் மடிந்தன. நாஜிப் படை கரையிறங்குமென அஞ்சிய அந்நாட்களில், ஆய்வு அழிந்துபோகாதிருக்க, பூஞ்சண வித்துக்களைத் தம் அங்கிகளின் உட்துணியிற் பூசிக்கொண்டது அக்குழு.

1941 பெப்ரவரியில் ஸ்ரபிலோகொக்கஸ் உள்ளிட்ட கிருமிகளால் ஒரு கண்ணை இழந்து மரணப்படுக்கையிற் கிடந்த பொலிஸ்காரர் ஒருவருக்கு மருந்து ஏற்றப்பட்டது. காய்ச்சல் தணிந்தது, உணவும் உட்கொண்டார். சிறுநீரிலிருந்து மருந்தை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றியும் கையிருப்பு ஐந்து நாட்களில் தீர்ந்தது. மார்ச்சில் அவர் இறந்தார். மருந்து தோற்கவில்லை, போதவில்லை.

பேரளவு உற்பத்திக்கு உதவி தேடி அவ்வாண்டு புளோறியும் நோமன் ஹீற்லியும் அமெரிக்கா சென்றபோது செயின் அழைத்துச் செல்லப்படவில்லை. காப்புரிமை பெறவேண்டுமென்ற அவரது வாதமும் அறமற்றதென ஒதுக்கப்பட்டது. பின்னாளில் உற்பத்தி முறைகளுக்கு அமெரிக்கர் காப்புரிமை பெற்றதை நோக்கினால், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

1945 இல் பிளெமிங், புளோறி ஆகியோருடன் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. தாயாரும் சகோதரியும் அதற்கு முன்னரே நாஜிகளின் இனவழிப்பிற் பலியாகியிருந்தனர்.

பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம் பற்றீரியாவில் உண்டென்பதை அவரும் எட்வேர்ட் ஆபிரகாமும் 1940 இலேயே அறிவித்திருந்தனர். அத்தகைய நொதியத்தைக் கொண்ட ஸ்ரபிலோகொக்கஸ் விரைவில் வைத்தியசாலைகளிற் பரவிற்று. 1948 முதல் ரோமிற் பணியாற்றிய செயினின் ஆலோசனையுடன் நிகழ்ந்த ஆய்வுகளின் வழியே, அந்நொதியத்துக்கு மசியாத மெதிசிலின் 1960 இற் பாவனைக்கு வந்தது. மறு ஆண்டே அதையும் எதிர்க்கும் கிருமி பிரித்தானியாவிற் கண்டறியப்பட்டது. மெதிசிலின் வழக்கொழிந்த பின்னரும் அக்கிருமி வைத்தியசாலைகளை விட்டகலவில்லை.

பின்னர் இலண்டன் திரும்பிய செயின் 1979 ஓகஸ்டில் அயர்லாந்திற் காலமானார்.